பிள்ளைகள் கையில் ஒரு பொறுப்பு: அனுபவக் கல்வி பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்கள். அவர்களைச் சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரைக்கும், ஏலா என்கிற வயல்வெளிக்கும், பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்கும் கூட்டிப்போகிறோம். அங்கே ஒரு வேலையை அவர்கள் பொறுப்பில் விட்டு, பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து பேச வைக்கிறோம். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும், தங்கள் ஊரில் இதுபோல் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

அனுபவக் கல்வி என்கிறீர்களே, டூர் போவதுதானே அது?

இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வேனில் போய், மேலே நடந்து, கீழே ஓடும் பறளியாற்றை எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் அது டூர். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாலம் வேடிக்கைக்காகக் கட்டப்பட்டதல்ல. பட்டணங்கால் சானலின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குக் கொண்டுபோக, 28 தூண்களின் மேல், சுமார் 115 அடி உயரத்தில், 1966-இல் கட்டி முடித்தார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, கடைசியில் யார் வயலில் பாய்கிறது என்று கேட்டுக்கொண்டு சானல்கரையோடு நடக்க ஆரம்பித்தால் டூர் வேறொன்றாக மாறிவிடுகிறது.

நாங்கள் இரண்டு சனிக்கிழமை அப்படி நடந்தோம். இரண்டிரண்டு பேருக்கு ஒரு கிலோமீட்டர் என்று பிரித்துக் கொடுத்தோம். அந்தத் தூரத்தில் எத்தனை மடை, எது உடைந்திருக்கிறது, எங்கே குப்பை அடைத்து நிற்கிறது என்று எழுதி வருவது அவர்கள் பொறுப்பு. கடைமடையில் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவர் மடையடியில் தேங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கைக் கம்பால் கிளறிக் காட்டினார். "மேல உள்ளவங்க போடுறதெல்லாம் இங்க வந்துதான் மக்களே நிக்கும். தண்ணி மட்டும் வராது" என்றார். அந்தக் குவியலில் தன் தெருமுனைப் பேக்கரியின் பெயர் போட்ட கவர் கிடப்பதை ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி பார்த்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. மறுநாள் அவள் அம்மா என்னிடம், "வீட்டுல யாரும் சானல்ல ஒண்ணும் போடக்கூடாதாம், சட்டம் போடுறா" என்றார்.

நல்லொழுக்கப் பாடம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறதே?

இருக்கட்டும். கதையும் பாட்டும் பெரியவர்கள் சொல்லும் சொல்லும் பிள்ளைக்கு வேண்டும். நேர்மை என்ற சொல்லே தெரியாத பிள்ளைக்கு, தான் நேர்மையாக இருந்ததும் தெரியாது, தவறியதும் தெரியாது. ஆனால் நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது பிள்ளைக்கு நஷ்டம் எதுவும் வருவதில்லை. உண்மையைச் சொன்னால் திட்டு விழும், சொல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்கிற இடத்தில்தான் குணம் உருவாகிறது, அல்லது உருவாகாமல் போகிறது. அப்படிப்பட்ட இடம் வகுப்பறையில் அரிதாகவே அமைகிறது. அதை வெளியே அமைத்துக் கொடுக்கப் பார்க்கிறோம்.

ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

நான் மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். சித்திரை மாதம், அக்கானி என்கிற பதநீர் இறக்கும் காலம். பனையேறும் குடும்பம் ஒன்று நான்கு பிள்ளைகளை ஒரு வாரம் காலையில் தங்கள் விடிலிக்கு வர அனுமதித்தது. மாமா விடியுமுன் காலில் திளாப்பு வளையம் மாட்டிப் பனையேறி, சுண்ணாம்பு தடவிய கலயங்களிலிருந்து அக்கானியை இறக்கிக் கொண்டுவருவார். மாமி அதை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, ஓலையும் சுள்ளியும் சிரட்டையும் போட்டு எரித்து, மணிக்கணக்காகக் காய்ச்சுவார். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவார். பாகு பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிவிட்டால் ஆறி இறுகிக் கருப்பட்டியாகிவிடும். பதம் வருகிற கடைசி நேரத்தில் கிண்டும் கையை விடவே கூடாது.

நான்காம் நாள் மாமி எதற்கோ வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பையனிடம் அகப்பையைக் கொடுத்து, "பைய கிண்டிட்டே இரு மக்களே, கைய விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனுக்கு ஒரு போன் வந்தது. ஒரு கையால் எடுத்தான், பேச்சு நீண்டது, அகப்பை நின்றது. கருகிய வாடை எங்களுக்கு வரும்போது அடிப்பிடித்து முடிந்திருந்தது.

மாமி ஓடி வந்தபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "தீ கூடிப்போச்சு" என்பது. சுள்ளி போட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. மாமி யாரையும் ஏசவில்லை. அகப்பை நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "கைச்சுப் போச்சு" என்றார். பிறகு யாரிடமும் சொல்லாதது போல, "ரெண்டு நேரம் ஏறி எறங்குனது" என்றார். ஓலைப்பாயில் படுத்திருந்த மாமாவைப் பையன் திரும்பிப் பார்த்தான். மரத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன நெஞ்சு, காய்த்துப்போன கால். நான் அப்போது அவனிடம் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் என் ஏச்சுக்குப் பதில் சொல்வதில் அவன் மனசு போயிருக்கும்.

சாயங்காலம் படிப்பகத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். அவன் முறை வந்தபோது வெகுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "தீ இல்ல. நான் போன் எடுத்தேன்" என்றான். அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்து, "உம்மேல பழி போட்டேன்" என்றான். நஷ்டத்தை எப்படி ஈடுகட்டுவது என்று பிள்ளைகளே பேசினார்கள். அன்று போன கருப்பட்டியின் விலையை மறுநாள் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். மாமி பணத்தை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "அப்போ மிச்ச நாளும் வா. பாதியில விட்டுட்டுப் போகாத" என்று மட்டும் சொன்னார். போனான். கடைசி நாள் மாமி அகப்பையை மறுபடி அவனிடமே கொடுத்தார், இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றுகொண்டு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொதிக்கிற பாகின் முன் பெரியவர் துணையில்லாமல் பிள்ளை நின்றது என் தவறு. கருப்பட்டி வாங்க வந்த ஒருவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். அன்று கருகியது பாகு மட்டும் என்பது எங்கள் நல்ல காலம். அன்றிலிருந்து தீ, தண்ணீர், கத்தி இருக்கும் இடத்தில் ஒரு பெரியவருக்கு வேறெந்த வேலையும் கொடுப்பதில்லை.

வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவது எதற்கு? எப்படிப் பேசுவது?

இதில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். வேன் வந்துவிட்டது, பசிக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளைக்கு வருவதே இல்லை. மேலே சொன்ன சாயங்காலம் நடக்காமல் போயிருந்தால், பையன் மனசில் தங்கியிருக்கக்கூடியது என்ன? பழியை இன்னொருத்தி தலையில் போட்டுத் தப்பிக்கலாம் என்பதுதானே.

நாங்கள் அரைமணி நேரம் பேசுவோம். என்ன நடந்தது, அப்போது மனசுக்குள் என்ன ஓடியது, அது ஏன் அப்படி நடந்தது, அடுத்த தடவை என்ன செய்வாய் என்பதே வரிசை. கல்வியியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அமெரிக்கரான டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய சுற்றும் ஏறக்குறைய இதுவே: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுக் கருத்துக்கு வருவது, அதைப் புதிய இடத்தில் செய்து பார்ப்பது. நடந்ததை முதலில் சொல்லவிட வேண்டும். எடுத்த எடுப்பில் "இதிலிருந்து என்ன பாடம் கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், நமக்குப் பிடித்த பதிலைப் பிள்ளைகள் அழகாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு அவர்களுக்குப் பத்து வருஷப் பரீட்சைப் பழக்கம் இருக்கிறது.

பெரியவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும். அமைதி நீண்டால் நீளட்டும். முதல் வருஷம் எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியாமல், நானே பதில் சொல்லிச் சொல்லிப் பல நல்ல சாயங்காலங்களைக் கெடுத்திருக்கிறேன்.

இது வெளிநாட்டு யோசனையா?

எல்லா ஊரிலும் இருந்ததுதான். செய்து கற்பதைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் அமெரிக்கரான ஜான் டூயி முக்கியமானவர். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் பிள்ளையைக் கெடுக்கவும் செய்யும் என்று 1938-லேயே எச்சரித்தவர் அவர். கர்ட் ஹான் என்ற ஆசிரியரின் முயற்சியால் 1941-இல், போர்க்காலத்தில், வேல்ஸ் கடற்கரையில் இளம் மாலுமிகளின் மனவுறுதிக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1937-இல் வார்தா மாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வியைக் காந்தி முன்வைத்துவிட்டார். அவருடைய நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே: இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும். அந்த முகாம்களில் கண்மாய் வெட்டியும் தெருக்கூட்டியும் நல்லவர்களான எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களையும் தெரியும். சாயங்காலம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளிடம் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவதாக ஆகிவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தவே கூடாது, 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தைத் தாண்டியும் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளை வருவதால் அந்த வீட்டுக்கு லாபம் வரக்கூடாது. வேலை தெரியாத நான்கு பேரை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பதில் அந்த மாமியின் நேரம்தான் போகிறது. அதனால் கற்றுக்கொடுக்கும் குடும்பத்துக்கு நாங்கள்தான் ஒரு தொகை கொடுக்கிறோம். ஒரு இடத்துக்குத் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் அனுப்புவதும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பால் வெட்டைப் பார்ப்பார்கள், சிரட்டையில் வடிந்த பாலைப் பெரியவர்களோடு சேர்ந்து வாளியில் சேர்ப்பார்கள். ஷீட் அடிக்கும் இடத்தில் ஆசிட் பக்கமோ ரோலர் பக்கமோ விடுவதில்லை.

ஆபத்து இருக்காதா?

இருக்கும். இல்லை என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொள்ள மாட்டேன். கடலில் முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக்கூடாது. நம் கரையின் இழுப்பு நன்றாக நீந்துகிறவனையும் கொண்டுபோகும். குளத்திலும் சானலிலும் நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் இல்லாமல் கால்வைப்பதில்லை. மழைக்காலத்தில் ஆற்றோரம் போவதே இல்லை. ஏலாவில் பாம்பு இருக்கும், கம்பு தட்டி நடக்கப் பழக்குகிறோம். யாருக்கு என்ன அலர்ஜி, யாருக்கு வீசிங் என்று எழுதிய தாள் என் பையில் எப்போதும் இருக்கும்.

இன்னொரு ஆபத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெரியவரும், நான் உட்பட, ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். எங்களைப் பற்றியே புகார் சொல்லவும் அந்த எண்ணைக் கூப்பிடலாம் என்றும் சொல்கிறோம்.

பெண்பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். எங்கள் குழுவில் கணக்கு வைப்பதும், வழி விசாரிப்பதும், சந்தையில் பேரம் பேசுவதும் அவர்கள் பங்குக்கும் வரும். பாத்திரம் கழுவுவது பையன்கள் பங்குக்கும் வரும். போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று நாங்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்கிறோம். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

கடற்கரைப் பிள்ளைகளையும் உள்நாட்டுப் பிள்ளைகளையும் ஏன் கலந்து கூட்டிப்போகிறீர்கள்?

இதைச் சிலர் கேள்வியாகக் கேட்கிறார்கள், சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் இன்னொருவர் சாப்பிட்டதில்லை. 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தின் கசப்பு, அப்போது பிறந்தே இராத பிள்ளைகளின் காதுக்கும் வீட்டுப் பேச்சில் வந்து சேர்கிறது. ஒற்றுமையாக இருங்கள் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். அதனால் கரமடி இழுக்கக் கூட்டிப்போனோம். வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று பலபேர் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் போய்விடும். அந்தக் கயிற்றில் முன்னால் நிற்பவன் என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்க நேரம் இருக்காது. பிறகு கரையோர வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். கும்பப்பூ நெல் நடவு வரும்போது கடற்கரைப் பிள்ளைகள் ஏலாவுக்கு வந்தார்கள். சேற்றில் கால்வைக்கத் தயங்கிய கடற்கரைப் பையனின் கையைப் பிடித்து இறக்கியவன், கரமடி அன்று அலைக்குப் பயந்து பின்னால் நின்றவன்.

விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சலில் ஜூன், ஜூலை என்று ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கணக்கு இருப்பது உள்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கரமடி இழுத்த அன்றுதான் தெரிந்தது. அந்த இரண்டு மாதம் ஒரு வீடு எப்படிக் கழிகிறது என்று அவர்களே கேட்டார்கள்.

சுனாமியைப் பற்றியோ ஒக்கிப் புயலைப் பற்றியோ நாமாகக் கேட்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப்போவோம். ஒருமுறை ஒரு அம்மாவே பேசினார். 2017 நவம்பர் 30-ஆம் தேதிக்குப் பிறகு எத்தனை நாள் கரையில் காத்திருந்தார் என்று சொன்னார். எந்தப் பிள்ளையும் போனை எடுக்கவில்லை. ஒரு பையன் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தான்.

படிப்பு கெட்டுப்போகாதா?

வாரத்தில் அரைநாள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை விடுமுறை கொடுத்துவிடுகிறோம். மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அதற்காக அனுப்புவதானால் டியூஷனுக்கே அனுப்புங்கள்.

சான்றிதழ் உண்டா? பிள்ளை மாறியதை எப்படித் தெரிந்துகொள்வது?

சான்றிதழ் இல்லை. கொடுத்தால் அதற்காக வருவார்கள். மதிப்பெண்ணும் போடுவதில்லை, குணத்துக்கு எண் போடத் தொடங்கினால் பிள்ளைகள் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். நான் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிக்கிறேன். கேட்காமலே மண்வெட்டியைக் கழுவி வைக்கிறானா, தாமதமானால் முன்கூட்டியே சொல்கிறாளா, "அவன்தான்" என்ற சொல் குறைந்து "நான்தான்" என்ற சொல் வருகிறதா. சிலரிடம் ஒரு மாதத்தில் தெரிகிறது. சிலரிடம் இரண்டு வருஷமாகியும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதையும் அவர்கள் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் தொடங்க என்ன வேண்டும்?

பணம் அதிகம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பொறுமையுள்ள மூன்று பெரியவர்கள், பெற்றோரின் கையெழுத்து. தொலைவுக்குப் போகாதீர்கள். தோவாளை என்றால் விடியற்காலைப் பூச்சந்தை இருக்கிறது, தேரூர், சுசீந்திரம் என்றால் பறவைகள் வந்திறங்கும் குளம் இருக்கிறது, குலசேகரம் பக்கம் என்றால் ரப்பர் இருக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தின் மடையை யார் திறக்கிறார், எப்போது திறக்கிறார், யாரைக் கேட்டுத் திறக்கிறார் என்று பிள்ளைகளையே விசாரித்து வரச் சொல்லுங்கள். அதற்கே நான்கு சனிக்கிழமை ஆகும்.

வீட்டிலேயே நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. உங்கள் பிள்ளையின் பொறுப்பில் இப்போது என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் தட்டைக் கழுவுவதுகூட இருக்காது. பிள்ளை செய்யாவிட்டால் வேறொருவர் பாதிக்கப்படுகிற ஒரு வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். பாட்டிக்கு இரவு மாத்திரை எடுத்துக் கொடுப்பதை ஒரு பதினாலு வயசுப் பிள்ளையிடம் விடலாம். நீங்கள் நினைவுபடுத்த வேண்டாம். ஆனால் பாட்டியின் உடம்போடு விளையாடக்கூடாது என்பதால், முதல் இரண்டு மாதம் படுக்கப்போகும் முன் மாத்திரை அட்டையை நீங்களும் எண்ணிப் பாருங்கள். ஒளிந்து எண்ண வேண்டாம், அவன் எதிரிலேயே எண்ணுங்கள்.